வீடும் உடைமையும்: மட்டக்களப்பு வாவிக்கரை குறித்து ஒரு நோக்கு

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. அது ஒரு சமூக உறவு என நாம் கொள்கிறோம். மட்டக்களப்பு வாவியை அண்டிய சமூகங்களில், தாய்வழி மரபின்படி வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும்; மணமகன் அங்கு குடிபுகுவான். முதியோரையும் உடல் இயலாதோரையும் தாங்கி நின்றது அப்பெண்வழிச் சுற்றமே.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் நாவலடி மக்கள் பலர் திராய்மடுவிற் குடியேற்றப்பட்டனர். அக்கால வீடமைப்பு நிர்வாகம் ‘குடும்பத் தலைவர்’ என்றபோது பெரும்பாலும் ஆணையே கருதியது. 2006ஆம் ஆண்டின் அணுகுவசதி ஒழுங்குவிதிகளோ பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையுமே நோக்கின. ஆகவே, சக்கர நாற்காலியிற் செல்பவர் அலுவலகத்தின் சாய்தளத்தில் ஏறச் சட்டம் வழிசெய்கிறது. அவர்தம் வீட்டு வாசற்படியைப் பற்றி அது பேசுவதில்லை. இவ்விரு குறைகளுக்கும் வேர் ஒன்றே: உடல்வலிமையுள்ள ஆணே வீட்டின் இயல்பான உரிமையாளன் என்ற எடுகோள்.

மலிவைச் சீமெந்தின் கணக்கால் மட்டும் அளத்தல் பொருந்தாது. சாய்தளமும் அகன்ற கதவும் கட்டும்போதே அமையின் செலவு சிறிது. பின்னர் இடித்து அமைப்பின் பெரிது. உறுதி பெண்ணின் பெயரில் எழுதப்படுதலும், உறவினர் அயலவராக இருத்தப்படுதலும் அத்துணை அவசியமானவை. ‘இவ்வீடு யாருடையது? இதில் யார் நடமாடுவர்?’ என முதலிற் கேளாத வரைபடம் மக்களுக்கானதாகாது.