மட்டக் குதிரையும் மாவீரனும்

ஸெர்வாண்டிஸின் 'டான் க்விக்ஸோட்' நாவலை மொழிபெயர்ப்பில் படிக்கிற நமக்கு ஒரு முக்கியமான வேடிக்கை தப்பிப் போய்விடுகிறது. 1605இல் வந்த முதற் பாகத்தின் தலைப்பில் கதாநாயகன் ஓர் 'இதால்கோ'. 1615இல் வந்த இரண்டாம் பாகத்தின் தலைப்பில் அவன் 'கபாயேரோ'. பத்து வருஷத்தில் பதவி உயர்வு! அதைக் கொடுத்தவன் ஒரு சத்திரக்காரன்.

இதால்கோ என்பது 'ஏதோ கொஞ்சம் உடையவனின் மகன்' என்ற சொற்றொடரின் சுருக்கம். லத்தீனில் மகனுக்கு 'ஃபிலியுஸ்'. அதன் முதலெழுத்து ஸ்பானியர் வாயில் தேய்ந்து மறைந்துவிட்டது. போர்த்துக்கீசியர் இன்றும் அதை விடாமல் 'ஃபிதால்கோ' என்கிறார்கள்.

கபாயேரோ என்றால் வீரன், கனவான். நேர்ப் பொருள் குதிரைக்காரன் என்பதுதான். ஆனால் எந்தக் குதிரை? லத்தீனில் கௌரவமான குதிரைக்குப் பெயர் 'எக்வுஸ்'. 'கபல்லுஸ்' என்பது பாரம் இழுக்கும் மட்டக் குதிரை. முதல் நூற்றாண்டுக் கவி பெர்ஸியுஸ், கவிகளுக்கு அருள் சுரக்கும் புனித ஊற்றைக் கேலி செய்வதற்கு இந்தச் சொல்லைத்தான் பொறுக்கி எடுத்தான். நாளடைவில் எக்வுஸ் வழக்கொழிந்தது. ஸ்பானிய மொழியில் பெண் குதிரையைக் குறிக்கும் 'யேகுவா'வில் மட்டும் அதன் வம்சம் மிஞ்சியது. மட்டக் குதிரை பட்டத்துக் குதிரை ஆயிற்று. பிரெஞ்சு 'ஷெவாலியே', இத்தாலிய 'கவாலியேரே', ஆங்கில 'ஷிவல்ரி' எல்லாம் அதன் சந்ததிதான்.

க்விக்ஸோட் செய்வதும் இதையேதான். எலும்பும் தோலுமான தன் குதிரைக்கு நாலு நாள் யோசித்து 'ரோஸினாந்தே' என்று பெயர் வைக்கிறான். 'ரோஸின்' என்றால் மட்டக் குதிரை; 'ஆந்தே' என்றால் முன். முன்பு மட்டக் குதிரை. இப்போது மட்டக் குதிரைகளுக்கெல்லாம் முன்னணி!

தனக்கும் 'டான்' பட்டம் சூட்டிக்கொள்கிறான். எஜமான் என்று பொருள்படும் 'தொமினுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. நாலு திராட்சைக் கொடியும் துண்டு நிலமும் உள்ளவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஊர் இதால்கோக்கள் முணுமுணுப்பதை, இரண்டாம் பாகத்தில் ஸாஞ்சோ அவனிடமே வந்து சொல்கிறான்.

ஸெர்வாண்டிஸ் லத்தீன் வேரை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் வாதாட வரவில்லை. நாவலுக்கு அது அவசியமுமில்லை. ஆனால் ஐரோப்பா பல நூற்றாண்டுகளில் சாதித்ததை இந்த ஏழை நாலு நாளில் செய்து பார்த்தான். உலகம் செய்ததற்கு நாகரிகம் என்று பெயர். அவன் செய்ததற்குப் பைத்தியம் என்று பெயர். அவனைப் பார்த்துச் சிரிக்கும்போதே நமக்கு நெஞ்சு கனப்பது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதால்கோவைப் 'பிரபு' என்றும், கபாயேரோவை 'மாவீரன்' என்றும் மொழிபெயர்ப்பாளர் போட்டுவிட்டால் கதை நமக்குக் கிடைத்துவிடும். அந்தக் கனம் கிடைக்காது.