சுட்ட வாத்தை ஏன் அவிக்க வேண்டும்?

பீஜிங்கில் சுட்ட வாத்துக்குப் பெயர்போன கடைகளில், சமையற்காரர் முழு வாத்தையும் உண்பவர் கண்முன்னேயே அரிந்து தருவார். நெஞ்சுப் பகுதித் தோலைத் தனியாக எடுத்து வைப்பதுண்டு. அதைச் சர்க்கரையில் தொட்டுத் தின்பவர்களும் உண்டு. அந்தத் தோலுக்காகத்தான் அத்தனை பாடும். தோலுக்கும் சதைக்கும் இடையே காற்றைச் செலுத்திப் பிரிக்கிறார்கள். கொதிநீரை ஊற்றித் தோலை இறுக்குகிறார்கள். மால்ட்டோஸ் பாகு பூசித் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். அடுப்பு அதற்குப் பிறகுதான். 1864இல் தொடங்கிய சுவான்ஜூட உணவகம், பழமர விறகு எரியும் அடுப்பில் வாத்தைத் தொங்கவிட்டுச் சுடும் முறைக்குப் பேர்பெற்றது. இவ்வளவு உழைப்பும் தோலிலிருந்து ஈரத்தை விரட்டுவதற்கே. அதே வாத்தை மாவுக்குள் பொதிந்து ஆவியில் வைத்தால், விரட்டிய ஈரம் திரும்ப வந்துவிடும். வீட்டில் வாத்து பாவ், அதாவது வாத்துப் பூரணம் வைத்து அவித்த மாவுருண்டை, செய்ய நினைக்கும் எவரும் முதலில் இந்த முரணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த யோசனை பிறப்பதற்குக் காரணம் சார் சியூ பாவ். ஹாங்காங், குவாங்சோ தேநீர் விடுதிகளில் மூங்கில் கூடையோடு வரும் இந்தப் பன்றியிறைச்சிப் பாவை, சிங்கப்பூர், மலேசியத் தமிழரும் நன்கு அறிவார்கள். பன்றிக்குப் பதிலாக வாத்து, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் சார் சியூ என்ற அந்தச் சுட்ட பன்றியிறைச்சியில் தோல் கிடையாது. அதன் பெருமை சதையில் ஊறிய இனிப்பும் உப்பும்தான். பொடியாக நறுக்கிக் கெட்டிச் சாறில் புரட்டி அவித்தாலும் அது எதையும் இழப்பதில்லை. வாத்தோ பாதிப் பெருமையைத் தோலில் வைத்திருக்கிறது.

மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே பாவின் தரம் அமையும். பீஜிங் வாத்தின் சதை மென்மையானது, ஆனால் தனியாக மசாலா ஏறாதது. இனிப்பு மாவுச்சாந்தும் வெங்காயத்தாளும்தான் அதைத் தூக்கி நிறுத்துகின்றன. கான்டனீய வாத்து வேறு வகை. அதன் வயிற்றுக்குள் சோயா சாஸ், இஞ்சி, வெங்காயத்தாள், அன்னாசிப்பூ சேர்ந்த கலவையை ஊற்றித் தைத்துவிட்டுச் சுடுகிறார்கள். மணம் உள்ளிருந்து சதைக்கு ஏறுகிறது. தோல் நமுத்த பிறகும் சொல்வதற்கு ஏதாவது வைத்திருக்கும் வாத்து இதுதான். ஆகவே பாவுக்குக் கான்டனீய வாத்தே பொருத்தம். அதிலும் நெஞ்சைவிடக் கொழுப்பும் அழுத்தமும் கூடிய கால் சதை.

'எல்லாமே வீட்டில் செய்தது' என்ற பெருமிதம் இங்கே தேவையில்லாதது. ஹாங்காங்கின் சின்னச் சமையலறைகளில் வாத்து சுடும் அளவுக்கு அடுப்பு வைக்க இடம் ஏது? கண்ணாடிக்குப் பின்னால் வாத்துகள் தொங்கும் கடையில் வெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். மாவு பிசைந்து அவிப்பது வடசீனக் குடும்பங்களின் அன்றாட வேலை. சுடுவது கடைக்காரர் கை, பிசைவது வீட்டார் கை என்ற இந்தப் பங்கீடு அனுபவத்தில் விளைந்தது. அதை மீறி ஒரு நாள் முழுக்க வாத்தை உலர்த்திச் சுட்டு, உடனே பிய்த்து மாவுக்குள் அடைப்பவர் உழைத்ததில் பெரும்பகுதி வீண்.

மாவிலும் இப்படியொரு வீண் ஆசை உண்டு. தேநீர் விடுதிப் பாவ் பால்வெள்ளையாக, உச்சியில் பூவாக வெடித்திருக்கும். அதற்குப் புரதம் குறைந்த வெளுத்த மாவும், பேக்கிங் பவுடரும், சில இடங்களில் அம்மோனியம் பைகார்பனேட்டும் வேண்டும். வீட்டுக்கு வடக்கத்திய ஈஸ்ட் மாவே போதும்: 300 கிராம் மைதா, 3 கிராம் ஈஸ்ட், 150 மில்லி தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை. நிறம் சற்று மங்கலாக வரும். ருசிக்கு அதனால் குறைவில்லை.

பூரணம்தான் கவனம் கேட்கிறது. வாத்துக் கொழுப்பு மடிப்பின் விளிம்பில் பட்டால் மாவு ஒட்டாது. அவிகையில் வாய் பிளந்துகொள்ளும். சூடான பூரணம் மாவை நசநசக்க வைக்கும். எலும்பை வேகவைத்த சாறில் சோள மாவு கரைத்துக் கெட்டியாக்கி, சதையைப் புரட்டி, நன்றாகக் குளிரவைத்தால் இரண்டு தொல்லையும் தீரும். ஹாய்சின் என்ற இனிப்புச் சாஸில் மட்டும் கை தாராளமாகக்கூடாது. அதை அள்ளி ஊற்றினால் உள்ளே இருப்பது வாத்தா கோழியா என்றே தெரியாது. வீட்டுப் பாவ்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான்.

தோலை விட மனமில்லாதவர்களுக்கு மடிப்புப் பாவ் இருக்கிறது. தைவானில் பன்றி வயிற்றிறைச்சி வைத்துத் தரும் அந்த வடிவத்தில், மாவைத் தனியே அவித்துப் பிளந்து வாத்தைக் கடைசியில் செருகலாம். தோல் மொறுமொறுப்பாகவே இருக்கும். ஆனால் அதை அந்த நிமிடமே தின்றாக வேண்டும். மூடிய பாவையோ உறையவைத்து, வேண்டும்போது மறுபடி அவித்துக்கொள்ளலாம். சாறும் கொழுப்பும் மாவில் ஊறிக் கிடைக்கும் ருசியை மடிப்புப் பாவ் தரவே முடியாது.

ஆக, மூடிய வாத்து பாவ் விருந்தின் மையமாக வைக்கத் தகுந்ததல்ல. விருந்துக்கு அடுத்த நாள் பலகாரமாக அதற்கு ஈடு இல்லை. வாத்து வந்த அன்று தோலையும் நெஞ்சையும் சுடச்சுடத் தின்று தீர்ப்பதும், காலையும் எலும்பையும் மறுநாள் பாவுக்கு விடுவதும்தான் நியாயமான கணக்கு. பாவுக்காகவே ஒரு முழு வாத்தைச் சுடக் கிளம்புபவர், அதற்குப் பதில் சார் சியூ செய்வது மேல்.