சின்னத்திரையில் சுல்தான் சுலைமான்

முஸ்லிம் மன்னர்களின் வாழ்க்கை சின்னத்திரைத் தொடராக வரும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. முன்னோரை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று வருந்துவது ஒரு குரல். முன்னோரின் பெருமையை உலகறியச் செய்துவிட்டார்கள் என்று மகிழ்வது மற்றொரு குரல். ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டுமே மன்னரின் கண்ணியம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டவை. அவருடைய ஆட்சியில் நீதி எந்நிலையில் இருந்தது, அவர் தவறியபோது எடுத்துரைப்போர் இருந்தனரா என்ற கேள்விகள் இரண்டிலும் எழுவதில்லை. உஸ்மானிய சுல்தான் சுலைமானைப் பற்றிய துருக்கியத் தொடரை இந்நோக்கில் ஆராய்வது பயன் தரும்.

'மகத்தான நூற்றாண்டு' என்று பொருள்படும் 'முஹ்தஷெம் யூஸ்யில்' 2011 ஜனவரியில் தொடங்கி 2014 ஜூனில் நிறைவுற்றது. மெரால் ஒகாய் இதனை எழுதத் தொடங்கினார். 2012இல் அவர் காலமான பின்னரும் தொடர் நின்றுவிடவில்லை. அரபியில் 'ஹரீமுஸ் சுல்தான்' என்றும் உர்தூவில் 'மேரா சுல்தான்' என்றும் பெயர் பெற்றுப் பல நாடுகளில் ஒளிபரப்பாயிற்று. சுலைமானாக நடித்த ஹாலித் எர்கென்ச்சின் நடிப்பில் அதிகாரத்தின் தனிமை நன்கு வெளிப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

தொடர் தொடங்கிய வேளையிலேயே துருக்கிய ஒலி, ஒளிபரப்பு மேலாண்மைக் குழுவிடம் 70,000க்கும் மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. மது, அந்தப்புரம், பெண்களின் ஆடை ஆகியவையே அவற்றின் பொருள். உஸ்மானிய அரண்மனைப் பெண்டிருக்கு ஐரோப்பிய அரசியரின் கழுத்தமைப்பைத் தைத்துக் கொடுத்தது பிழையே. 2012 நவம்பரில் அன்றைய பிரதமர் எர்தொகான், சுலைமான் 30 ஆண்டுகளைக் குதிரையின் மீதே கழித்தவர் என்று கூறித் தொடரைக் கண்டித்தார்.

வரலாறு இவ்விரு சித்திரங்களுக்கும் இடங்கொடுக்கவில்லை. 1520 முதல் 1566 வரை 46 ஆண்டுகள் ஆண்ட சுலைமான் நேரில் தலைமை தாங்கிய படையெடுப்புகள் 13. அவற்றில் கழிந்த காலத்தைக் கூட்டினால் ஏறத்தாழப் பத்தாண்டுகளே வரும். எஞ்சிய காலமெல்லாம் அந்தப்புரத்தில் கழிந்ததென்றும் கொள்ளவியலாது. 'கானூனி', அதாவது சட்டம் வகுத்தவர், என்று பிற்காலத்தார் அவரை அழைத்தது காரணமின்றி அன்று. 1545 முதல் ஷெய்குல் இஸ்லாமாக விளங்கிய அபுஸ்ஸுஊத் அவர்கள், அரசின் நிலவரிச் சட்டங்களை ஷரீஅத்தின் வரையறைகளோடு இயைபுபடுத்த முயன்ற காலம் அது. ரொக்கப் பணத்தை வக்ஃபு செய்து அதன் வருவாயைப் பெறுவது கூடுமா என்ற பிரச்சினையில், அவருடைய தீர்ப்பை இமாம் பிர்கிவி வன்மையாக மறுத்து எழுதினார். அரசின் தலைமை முஃப்தியையே ஓர் அறிஞர் மறுத்துரைக்க முடிந்த அந்தச் சூழல், நாடகத்திற்குப் பொருளாகத் தகாததா? தொடரில் அபுஸ்ஸுஊதும் வருகிறார். ஆயினும் கதையை நகர்த்துபவை நஞ்சும் ஒட்டுக்கேட்டலும் சக்களத்திப் பகையுமே.

ஹுர்ரம் சுல்தானின் சித்திரமும் இவ்வாறே குறுகிவிட்டது. அடிமையாக வந்து, மரபை மீறிச் சுல்தானின் மனைவியானவர் அவர். அந்தப்புரம் ஓர் அரசியல் நிறுவனமாக இயங்கியதை லெஸ்லி பியர்ஸ் 1993இல் வெளியான தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். பைத்துல் முகத்தஸில் ஹுர்ரம் 1552இல் நிறுவிய அன்னசாலை ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் நாள்தோறும் உணவளித்தது. அதற்கான வருவாயைத் தந்தவை பாலஸ்தீனக் கிராமங்கள். அந்தக் காலத்துக் காழிமன்றப் பதிவேடுகள் இன்றும் உள்ளன. வரி கொடுத்த குடியானவர்களும் வரி தண்டிய அலுவலர்களும் அவற்றில் எதிரெதிரே நிற்கின்றனர். அரசியின் ஈகையும் அதன் சுமையைத் தாங்கிய உழவனும் ஒரே ஏட்டில் தென்படும் வரலாறு இது. தொடரில் அந்த உழவனைக் காண முடிவதில்லை.

1553இல் இளவரசர் முஸ்தஃபா, தந்தையின் ஆணைப்படி அவருடைய கூடாரத்திலேயே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். தொடரின் உச்சமும் இதுவே. இக்காட்சி 2014 பிப்ரவரியில் ஒளிபரப்பானதும் பூர்ஸாவில் உள்ள முஸ்தஃபாவின் அடக்கத்தலத்திற்கு மக்கள் திரண்டு சென்றனர். நாடகத்தின் வலிமைக்கு இது சான்று. ஆனால் தொடர் சொல்லும் காரணம் என்ன? ஹுர்ரமும் ருஸ்தம் பாஷாவும் செய்த சூழ்ச்சி, போலிக் கடிதம், ஏமாந்த தந்தை. சூழ்ச்சி நடந்திருக்கலாம். எனினும் வாரிசுரிமைக்கு நிலையான விதி இல்லாத அரசமைப்பு, அரசின் ஒழுங்கைக் காக்கச் சகோதரர்களைக் கொல்லலாம் என இரண்டாம் முஹம்மதின் பெயரால் வழங்கிய சட்டம், மூப்படையும் சுல்தானைவிட முஸ்தஃபாவை விரும்பிய ஜானிசரிப் படை ஆகியவற்றைத் தள்ளிவிட்டு இக்கொலையை விளங்கிக்கொள்ள இயலாது. சட்டம் வகுத்தவரின் கூடாரத்தில் விசாரணையின்றி ஓர் உயிர் பறிக்கப்பட்டது என்பதே இதிலுள்ள பெருந்துயரம்.

அன்றைய சமூகம் வாளாவிருக்கவில்லை. படையினரின் கொந்தளிப்பைத் தணிக்க ருஸ்தம் பாஷா பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1555இல் மீண்டும் பதவி பெற்றார். படையில் பணியாற்றிய கவிஞர் தஷ்லிஜாலி யஹ்யா, முஸ்தஃபாவுக்காக இரங்கற்பா இயற்றி அநீதியைச் சுட்டினார். சுலைமானின் குடிமகன் சுலைமானின் காலத்திலேயே கூறியதை, நான்கரை நூற்றாண்டுகளுக்குப் பின் நாம் கூறினால் முன்னோருக்கு இழுக்கு என்பது எவ்வாறு பொருந்தும்?

கண்ணியம் காக்கும் தொடர் எவ்வாறிருக்கும் என்பதற்கு, துருக்கிய அரசுத் தொலைக்காட்சி 2017 முதல் 2021 வரை ஒளிபரப்பிய 'பாயிதஹ்த்: அப்துல்ஹமீத்' விடை தந்தது. அதில் அந்தப்புர லீலைகள் இல்லை. தொழுகையும் துஆவும் உண்டு. பேரரசின் துன்பங்களோ பெரும்பாலும் அந்நியரின் சதிகளாகவே காட்டப்படுகின்றன. 1878இல் சுல்தான் ஒத்திவைத்த நாடாளுமன்றம் 1908 வரை கூடவேயில்லை என்ற உண்மை இச்சித்திரத்தோடு ஒட்டுவதில்லை. அந்தக் கொடுங்கோன்மையைக் கடுமையாகச் சாடியவர்களுள் மார்க்கப் பற்று மிக்க கவிஞர் மெஹ்மத் ஆகிஃபும் ஒருவர். முதல் தொடர் சுல்தானைக் குடும்பத் தலைவராகச் சுருக்கியது. பின்னது அவரைத் தவறிழைக்காதவராக உயர்த்தியது. கேள்வி கேட்கும் குடிமக்களுக்கு இரண்டிலும் இடமில்லை.

நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறும், அது நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமையினும் தயங்கலாகாது என்றும் அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. பெற்றோருக்கே இந்த நியதி என்றால் மன்னர்களுக்கு விலக்கு ஏது? ஆகவே இத்தகைய தொடர்களைக் காணும்போது, ஆடை மரபுப்படி உள்ளதா என்பதோடு நம் ஆய்வு நின்றுவிடலாகாது. காழி எங்கே, உழவன் எங்கே, யஹ்யா எங்கே என்றும் நாம் கேட்க வேண்டும். இவர்களுக்கு இடமளிக்கும் தொடர் ஒன்று வருமாயின், அதனை நாம் மனமுவந்து வரவேற்போம்.