தீக்கு அஞ்சித் திறக்கும் கதவு

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் சாந்தியாகோ என்றொரு நகர். நம் கடற்கரைக் கிறித்தவர் சந்தியாகப்பர் என்றழைப்பவரின் கல்லறை அங்கிருப்பதாக நம்பி, ஆயிரமாண்டுக்கு மேலாக மக்கள் கால்நடையாகச் செல்கின்றனர். அவர்கட்கென 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுந்த வழிகாட்டி, காலிக்ஸ்தினுஸ் சுவடியின் ஐந்தாம் நூல். எந்த ஆற்றுநீர் நன்று, எது கொல்லும் என்றுகூட அது சொல்லும்.

ஆனால் கால் கொப்புளித்தவன் கேட்பது வேறு: இன்றிரவு எங்கே படுப்பது?

பிரனீசு மலையிலிருந்து பதின்மூன்றே தங்கல்கள் என்கிறார் ஆசிரியர். சிலவற்றைக் குதிரையில் கடக்க வேண்டுமாம். குதிரை இல்லாதவன்? விடையில்லை. மூன்று பெருஞ்சத்திரங்களைத் தூண்கள் என்று போற்றுகிறார். அவற்றுள் ஒன்று எருசலேமில்! நல்ல மதுவைச் சுவைக்கத் தந்து, கெட்டதை விற்கும் விடுதிக்காரனைச் சாடுகிறதே அதே சுவடியின் முதல் நூலிலுள்ள பேருரை, அங்கேதான் உண்மை வாழ்க்கை தெரிகிறது.

வழிகாட்டியின் இறுதி அதிகாரத்துக்கு வருவோம். சாந்தியாகோ சென்று கையில் காசின்றித் திரும்பிய பிரெஞ்சுக்காரர் இருவர், புவாத்தியே நகரில் ஒரு தெரு முழுதும் இடம் கேட்டனர். எல்லாக் கதவும் மூடின. கடைசி வீட்டு ஏழை ஒருவன் ஏற்றான். அன்றிரவே தெரு எரிந்தது. ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் சாம்பல். ஏழையின் வீடு மட்டும் தப்பியது. ஆதலால் யாத்திரிகர்க்கு இடமளிப்பீர் என்று முடிக்கிறார்.

ஆயிரம் வீடுகளில் ஒரு தொட்டிலும் இல்லையா? அக்குழந்தை எவரை விரட்டிற்று? நூல் கேட்கவில்லை. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அந்த ஏழை கதவைத் திறந்தபோது தீ மூளவில்லை. மூளும் என்று அறியவுமில்லை. களைத்த இருவரைக் கண்டான், உள்ளே அழைத்தான். நூலிலேயே உயர்ந்த மனிதன் அவன். அவனுக்குப் பெயருமில்லை, பேச்சுமில்லை! அவன் அன்பை நெருப்புக்குக் கட்டிய காப்புறுதியாக்கிவிட்டார் ஆசிரியர்.

1499இல் அரச ஆணையால் யாத்திரிகர்க்கென எழுந்த சாந்தியாகோ மருத்துவமனை, 1954 முதல் ஆடம்பர விடுதி. அவ்வழியின் ஊராட்சி விடுதிகள் பலவற்றிலோ, முத்திரைச் சீட்டுடன் முன்னே வந்தவனுக்கு முதற்கட்டில். பிரபு வந்தாலும் வரிசைதான். சில விடுதிகளில் கட்டணமே குறிப்பதில்லை, இயன்றதைப் பெட்டியில் இடலாம். இடாதவன் வீட்டைத் தீ தின்னும் என்று அங்கே எவரும் எழுதிவைக்கவில்லை.