கொடுக்கும் இன்பம் யாருக்கு உரியது?

கொடுப்பதனால் கொடுப்பவனே முதற்கண் பயனடைகிறான் என்பது பழைய அறம். பொருளைக் காத்துவைத்துப் பின் இழந்துபோகும் வன்னெஞ்சர், கொடுத்து மகிழும் இன்பத்தை அறியாரோ என்று ஈகை அதிகாரத்தில் வினவுகிறார் வள்ளுவர். கனடாவில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றும் இதற்குச் சான்று பகர்ந்தது. சிலரிடம் காலையில் 5 அல்லது 20 டொலர் அளித்து, ஒரு பகுதியினரைத் தமக்கெனவும் மறு பகுதியினரைப் பிறர்க்கெனவும் செலவிடச் செய்தனர். மாலையில் பிறர்க்கெனச் செலவிட்டோரே கூடுதலாக மகிழ்ந்திருந்தனர். தொகையின் பெருமை சிறுமை அம்மகிழ்ச்சியை மாற்றவில்லை.

இவ்வுண்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவ்வின்பம் செல்வர்க்கே உரியது என்பதுபோல் பேசப்படுகிறதே, அதனையே மறுக்கிறோம்.

ஹட்டனை அடுத்த ஒரு பாடசாலையில் அப்பியாசக் கொப்பிகள் வழங்கும் விழாவொன்றைக் கண்டோம். கொடையாளர் புகைப்படக் கருவியை நோக்கிப் புன்னகைத்தார். கொப்பியை வாங்கிய லயத்துச் சிறுவனோ தலைகுனிந்து நின்றான். சில நாட்களின் பின் அதே சிறுவன், தன் பென்சிலை இரண்டாக முறித்து ஒரு பாதியை அடுத்திருந்தவனுக்குக் கொடுத்தான். அப்போது அவன் முகத்தில் மலர்ந்த ஒளியை எந்த மேடையிலும் நாம் கண்டதில்லை.

வாங்குபவனைத் தலைகுனியச் செய்யாத கொடையும் உண்டு. வர்த்தகராக இருந்த துரை விஸ்வநாதன் தமது துரைவி பதிப்பகத்தின் வாயிலாக, தெளிவத்தை ஜோசப் தொகுத்த 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' ஆகிய நூல்களை 1997இல் வெளியிட்டார். அப்பணம் மலையக எழுத்தாளரை இரவலராக்கவில்லை. வாசகர் முன் தம் பெயருடன் நிமிர்ந்து நிற்கச் செய்தது. கொடுத்தவரும் புரவலராக உயரத்தில் நில்லாமல் ஓர் இலக்கியப் பணியின் பங்காளியானார். அவர் அடைந்த பேறு இதுவே. வள்ளுவர் ஈகைக்கு முன்னே ஒப்புரவை வைத்ததன் பொருள் இங்கே நமக்கு விளங்குகிறது.

லயங்களில் ஒப்புரவு புதிதன்று. சாவு வீட்டில் அடுப்பெரியாத நாளில் அயல் காம்பராக்களிலிருந்து சோறும் தேநீரும் வரும். கொழுந்தின் நிறை குறைந்து 'அரைப்பெயர்' விழுந்த தாயும் அன்று தன் பங்கைக் கொடுக்கிறாள். அவளது கையைச் சுருக்குவது மனமன்று, கூலியே.

2021இல் நாட்கூலி 1000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, தோட்டக் கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. கூலிப் போராட்டம் வயிற்றுக்கானது மட்டுமே என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். கொடுத்து மகிழ்வது மனிதனை மனிதனாக்குமாயின், கொடுக்க இயலாத அளவுக்கு ஒருவரின் உழைப்பைச் சுரண்டுவது, அவரது உணவுடன் அந்த மனித இன்பத்தையும் பறிப்பதாகும்.

ஆகவே, நியாயமான கூலி கேட்கும் தொழிலாளி வாங்குவதற்காக மட்டும் கை நீட்டவில்லை. கொடுக்கும் உரிமையையும் சேர்த்தே கேட்கிறான்.