மத்துக் கயிறும் மாடிப்படியும்

எங்கள் வீட்டு மாடிப்படியைப் பார்க்க வரச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பால் கொண்டுவருகிறவர் பார்த்துவிட்டார். சிலிண்டர் தூக்கிவந்த தம்பி, “புதுசா போட்டதாக்கா?” என்று கேட்டு ஒரு நிமிடம் நின்று பார்த்தார். புதிது இல்லை. திருச்சி உறையூரில் தாத்தா கட்டிய வீடு இது. படிக்கு என்னைவிட வயது அதிகம். 17 படிகள், படிக்கு இரண்டாக 34 கடைசல் கால்கள், அவற்றின் மேல் வழுக்கி இறங்கும் தேக்குக் கைப்பிடி, அடியில் கும்பம் வைத்த தலைத்தூண். அத்தனையையும் இந்தப் பங்குனியில் என் கையாலேயே புதுப்பித்து முடித்தேன். 23 நாள். வீட்டு வேலை எதுவும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததே இல்லை.

ஒன்பதாம் படியில் ஒரு கால் விரிசல் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கடைசல் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறையில் இருந்த வயதான ஆசாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். “இது மோட்டார்ல கடைஞ்சது இல்லம்மா, கயிறு போட்டுக் கடைஞ்சது. வீட்டுல போய் மத்த காலையும் அளந்து பாருங்க, ரெண்டு கால் ஒண்ணு போல இருக்காது” என்றார். கட்டையை இரண்டு முனையிலும் பிடித்து நிறுத்தி, அதன் மேல் கயிற்றைச் சுற்றி, ஒருவர் நுனிகளை மாற்றி மாற்றி இழுப்பார். கட்டை முன்னும் பின்னுமாகச் சுழலும்போது இன்னொருவர் உளி பிடிப்பார். “சின்னப் பையனா இருந்தப்ப எனக்குக் கயிறு இழுக்கிறதுதான் வேலை.” தயிர் கடைகிற மாதிரியா என்று கேட்டேன். “அதேதான். அதுவும் கடையிறது, இதுவும் கடையிறது” என்று சிரித்தார். பழைய ஜன்னல் சட்டத் தேக்கில் ஒரு புதுக் காலைக் கடைந்தும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நூல் கட்டி அளந்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. ஒரு காலின் வயிறு இன்னொன்றைவிட ஒரு நூல் பருமன். ஒன்றின் கழுத்து இரண்டு நூல் உயரம். இத்தனை வருடம் ஏறி இறங்கியும் எனக்கு இது தெரியாது. தெரிந்திருக்கவும் வழியில்லை. மேலே காப்பிப்பொடி நிற எனாமல், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே வெளிர்நீலம். முன்பு அடித்தவர்கள் தேய்க்காமலே மேலுக்கு மேல் பூசிவிட்டுப் போனதில், ஒவ்வொரு காலின் இடுப்பிலும் இருந்த மூன்று வளையங்களும் மொழுக்கையாகிக் கிடந்தன. அந்த வளையங்களை வெளியே கொண்டுவர வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

அம்மாவுக்குச் சம்மதமில்லை. “ஏண்டி, ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டா ரெண்டு நாள்ல முடிச்சுட்டுப் போயிடுவார். உனக்கு எதுக்கு இந்தப் பாடு?” என்றாள். இரண்டு நாளில் முடியும்தான். ஆனால் அத்தனை வளையங்களையும் ஒவ்வொன்றாகத் திறக்க இரண்டு நாள் போதாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படவே கூடாது. பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2016-இல்தான் விதி வந்தது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலரத் தேய்த்தால் எழும் தூசி, குழந்தைகள் மூளைக்குக் கேடு. அதனால் அண்ணன் பேரன் ஊருக்குப் போன பிறகே வேலையைத் தொடங்கினேன். படியில் பிளாஸ்டிக் விரித்து, என்95 முகக்கவசம் கட்டிக்கொண்டு, எல்லாத் தேய்ப்பையும் தண்ணீரில் நனைத்தே செய்தேன். துடைப்பத்தைத் தொடவே இல்லை, ஈரத்துணிதான். உரிந்ததையெல்லாம் தனிப்பையில் கட்டினேன். இந்தப் பத்தியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

முதலில் வாஷிங் சோடா கரைத்த தண்ணீரால் எல்லாவற்றையும் துடைத்தேன். கை எண்ணெய் ஏறிய மரத்தில் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. பிறகு தேய்ப்பு. பட்டையான இடத்துக்கு 120-ஆம் நம்பர் வாட்டர் பேப்பர் போதும். வளையத்துக்குள் அது போகாது. மடித்தால் கிழியும், விரல் நுனி எரியும். பெரிய கடை வீதியில் ஹார்ட்வேர் கடைக்காரரிடம் சொன்னேன். துணியில் ஒட்டிய எமரி ரோலை எடுத்துப் போட்டு, “இதை விரல் அகலத்துக்கு வெட்டிக்குங்க” என்றார்.

வெட்டி நனைத்துக் காலின் இடுப்பில் சுற்றி, இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்து மாற்றி மாற்றி இழுத்தேன். வலது, இடது, வலது, இடது. பச்சைக் குழம்பு வழிந்தது. மூன்றாம் நிமிடம் ஒரு வளையத்தின் விளிம்பு கூர்மையாக எழுந்து வந்தது. அப்போதுதான் உறைத்தது: இது மத்துக் கயிறு! அந்த ஆசாரி சின்னப் பையனாக இழுத்த அதே இழுப்பு. அன்று கயிறு இழுக்க மரம் சுழன்றது. இன்று மரம் நிற்க என் பட்டை சுழல்கிறது. எங்கள் படிக்குக் கயிறு இழுத்தவர் யாரோ, உளி பிடித்தவர் யாரோ, பெயர்கூடத் தெரியாது. அவர்கள் கை போன வழியில் என் கை போகிறது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் மீதிக் கால்கள் எனக்கு வேலையாகவே தெரியவில்லை.

சின்ன வயதில் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானில் சமைத்து விளையாடியிருக்கிறேன். அந்தக் குட்டி மரக் குடத்தின் கழுத்தும் இந்தக் கால்களின் கழுத்தும் ஒரே குடும்பம். அதுவும் கடைசல்தானே.

விரிசலுக்கு மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்துப் பட்டி பார்த்தேன். ஆடிய கால்களுக்கு மூங்கில் சிம்பு செருகினேன். மரத்துக்கான பிரைமர் ஒரு கோட் அடித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, 320-ஆம் நம்பரில் மெல்லத் தடவினேன்.

பெயிண்டுக்கு வருகிறேன். தண்ணீரில் கரையும் எனாமலை வாங்குங்கள், தந்த வெள்ளையில். எண்ணெய் எனாமலுக்குப் பளபளப்பு அதிகம்தான், ஆனால் வெளிச்சம் குறைந்த படிக்கட்டில் அதன் வெள்ளை நாளாக ஆக மஞ்சளாகிவிடும். பிரஷ்ஷும் நைலான் முடியாக இருக்கட்டும். பன்றி முடி தண்ணீர் குடித்துத் தொய்ந்துவிடும். ஒரு அங்குல பிரஷ், நுனி மட்டும் நனையப் பெயிண்ட். முதலில் வளையங்களைச் சுற்றி அடித்து, பிறகு மேலிருந்து கீழாக ஒரே நீள இழுப்பு. ஐந்து நிமிடம் கழித்து இரண்டு படி இறங்கி, டார்ச் அடித்து அண்ணாந்து பாருங்கள். வளையத்தின் அடியில் ஒரு சொட்டு கனத்து நிற்கும். அதை அப்போதே இழுத்துவிட வேண்டும். காய்ந்தால் கண்ணீர்த் துளி போல நிரந்தரமாக நின்றுவிடும். இரண்டு மெல்லிய கோட் போதும், நடுவில் நான்கு மணி நேரம். 34 கால்களுக்கும் ஒரு லிட்டர் டப்பாவில் பாதிதான் செலவு.

கைப்பிடிக்கு மட்டும் பெயிண்ட் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இந்த முடிவுக்காக என் கையை நானே முத்தமிடலாம். ரிமூவர் ஜெல்லைத் தடவி இருபது நிமிடம் விட்டுச் சுரண்டினேன். காப்பி, பச்சை, நீலம் மூன்றும் தோல் போலச் சுருண்டு வந்தன. அடியில் தேக்கு! தேன் நிறத்தில், ஆற்று மணலில் அலை விட்ட கோடு போன்ற ரேகைகளோடு. அம்மா சமையலறையிலிருந்து வந்து கையை வைத்துப் பார்த்தாள். “நான் கல்யாணமாகி வந்தப்ப இப்படித்தான் இருந்துது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் எனக்குக் காப்பி படிக்கட்டுக்கே வந்தது.

அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப் பொட்டணத்தால் ஏற்றும் பழைய பாலிஷ் அழகில் நிகரற்றது. ஆனால் ஈரக் கை பட்டுப்பட்டு வெள்ளை பூத்துவிடும். நாள் முழுக்கக் கை படுகிற கைப்பிடிக்குப் பாலியூரித்தேனே சரி. மங்கலான பளபளப்பில் மூன்று கோட் ஏற்றினேன்.

இப்போது வெள்ளைக் கால்களும் தேன் நிறக் கைப்பிடியுமாக நிற்கிறது. காலையில் மேல் ஜன்னல் வெயில் விழும்போது ஒவ்வொரு வளையத்துக்கும் கீழே ஒரு மெல்லிய நிழல் கோடு. 102 நிழல்கள். தினமும் பார்க்கிறேன், அலுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் மொழுக்கையாகிப்போன கடைசல் கால்கள் இருந்தால், யாரையும் கூப்பிடும் முன் ஒரே ஒரு காலில் நனைத்த எமரிப் பட்டையைச் சுற்றி இழுத்துப் பாருங்கள். வெயில் காலத்திலேயே தொடங்குங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எனாமல் காய நாளாகும்.