வெண்கல வில்லும் விடுதலை வினாவும்

இளையோருக்கான கிறிஸ்தவ வரலாற்று நாவலைச் சமயப் பிரசாரமென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அவ்வாறு ஒதுக்கும்போது முக்கியமான வினாவொன்றினை நாம் தவறவிடுகின்றோம். அடக்குமுறை யாதென முதன்முறையாக அறியவரும் இளம் வாசகனுக்கு, அதனை எதிர்கொள்ளும் வழியாக இந்நாவல்கள் எதனைக் காட்டுகின்றன?

கர்தினால் வைஸ்மனின் ‘ஃபபியோலா’ (1854), லூ வாலஸின் ‘பென்ஹர்’ (1880) ஆகியவற்றுக்குப் பின் வளர்ந்த இம்மரபில், அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் ஜோர்ஜ் ஸ்பியரின் ‘வெண்கல வில்’ (1961) தனிக் கவனத்துக்குரியது. 1962 இல் நியூபெரி விருது பெற்ற இந்நாவலின் களம் உரோம ஆட்சிக்குட்பட்ட கலிலேயா. தந்தையை உரோமர் சிலுவையில் அறைந்து கொன்றமையால் வஞ்சினம் கொண்ட தானியேல், மலையில் வாழும் ரோஷின் கூட்டத்திற் சேர்கிறான். பின்னர் கிராமத்துக் கொல்லுப்பட்டறைக்குத் திரும்புகிறான். அச்சத்தால் வீட்டினுள்ளேயே முடங்கிக்கிடக்கும் தங்கை லேயாவின் நோய், அந்நிய ஆட்சி ஒரு குடும்பத்தின் அகத்தினுள் இழைத்த சேதத்தின் வடிவமாகவே சித்திரிக்கப்படுகிறது. ஆசிரியரின் யதார்த்த நோக்கு இங்குச் சிறப்பாக வெளிப்படுகிறது.

சிக்கல் எழுவது தீர்விலேயாகும். கூட்டத் தலைவன் ரோஷ் சுயநலமியாகின்றான். ஏழைக் குடியானவரையே சூறையாடுகின்றான். பிடிபட்ட யோவேலை மீட்கவும் மறுக்கின்றான். எனவே தானியேலுக்கு எஞ்சுவன இரண்டே தெரிவுகள்: ரோஷின் வாள் அல்லது இயேசுவின் அன்பு. அக்காலக் கிளர்ச்சியாளரைக் ‘கொள்ளையர்’ எனப் பதிவுசெய்த யோசேபஸ், உரோமர் பக்கம் சேர்ந்துகொண்ட வரலாற்றாசிரியர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. கொள்ளைக்காரருள் ஒரு சாரார் குடியானவரின் எதிர்ப்புணர்விலிருந்து உருவாகியவர் என எரிக் ஹொப்ஸ்போம் 1959 இலேயே எடுத்துக்காட்டினார். ரோஷைத் தீயவனாகப் படைத்தமை குறையன்று, அத்தகையோரும் இருந்திருப்பர். அவனது வீழ்ச்சியை எதிர்ப்பு முழுவதினதும் வீழ்ச்சியாக்கியமையே குறை. கி.பி. 6 இல் வரிக்கான குடிமதிப்பை எதிர்த்தெழுந்த கலிலேயனான யூதாவின் இயக்கத்தை இத்தனியொருவனின் குணக்கேட்டினுள் அடக்கிவிட இயலாது.

எனினும், படைப்பு தன் முடிவினும் விரிந்த உண்மைகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது. லேயாவோடு நட்புக்கொள்ளும் படைவீரன் மார்க்கஸ் உரோமனல்லன். உரோமால் அடக்கப்பட்ட மற்றொரு மக்களைச் சேர்ந்தவன். தலைவன் கைவிட்ட யோவேலை மீட்க இளைஞர் தாமே கூடிச் செல்கின்றனர். அவர்களுக்குத் துணைநிற்பவன் சிம்சோன் என்னும் அடிமை. அடக்கப்பட்டோரிடையிலான ஒருமைப்பாடு என்ற மூன்றாவது வழி இங்கு அரும்புகிறது. ஆனால், தானியேல் மார்க்கஸைத் தன் வீட்டினுள் அழைக்கும் இறுதிக் காட்சியில் அது தனிமனித மன்னிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அக்காட்சி நெஞ்சைத் தொடுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. கதவு திறந்த பின்னரும் வரியும் சிலுவையும் அவ்வாறே நிற்கின்றன என்பதையே சுட்டுகின்றோம்.

ஆதிக் கிறிஸ்தவத்தை ஒடுக்கப்பட்டோரின் இயக்கமாகக் கண்ட எங்கெல்ஸ் (1894), அது விடுதலையை மறுமைக்கு ஒத்திவைத்ததையும் சுட்டிக்காட்டினார். இவ்விரு கூறுகளும் இந்நாவலினுள் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கின்றன. ஆகவே, இளைஞரிடமிருந்து இதனைப் பறித்தல் வேண்டா. வெறுப்பு மனிதனைச் சிதைக்கும் என்பதை அவர்கள் இதிலிருந்து கற்கட்டும். வெறுப்பை விளைவிக்கும் ஆட்சியை யார், எவ்வாறு அகற்றுவது என்ற வினாவையும் அவர்களோடு சேர்ந்து எழுப்புதல் நமது கடமையாகும்.